ஒரே வீட்டில் வசிப்பவர்கள்

புதூர்ப் பக்கம் எங்கள் கரிசல் காட்டில் ஒரு கிணறு இருக்கிறது. தண்ணீர் கிடையாது. அந்தக் கிணறு யாருக்கு என்பதில்தான் எனக்கும் என் அண்ணனுக்கும் பேச்சு நின்றது. கோவில்பட்டி வீட்டையும் நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டோம். பழைய கதவு எண் என் பக்கம் வந்தது. அண்ணன் பக்கத்துக்கு அதே எண்ணோடு ஒரு 'ஏ' சேர்த்துக் கொடுத்தார்கள். மூத்தவனுக்கு வால் வைத்த நம்பரா என்று தெருவில் நின்று கத்தினார். அதோடு சரி.

மதினி தவறிப்போன பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் தனி ஆள். விடிந்ததும் பழைய சினிமாப் பாட்டைப் போட்டுக்கொண்டுதான் காப்பி கலப்பார். ஸ்பீக்கரும் பாட்டு ஆப்பும் கனடாவில் இருக்கும் என் மகளின் உபயம். அவளுக்குப் பெரியப்பா மேல் உயிர். என் போனிலும் அந்த ஆப்பைப் போட்டுவிட்டிருந்தாள், நான் தொட்டதில்லை. சுவர் வழியாகத்தான் ஓசியில் வருகிறதே! நான் சுவரைத் தட்டுவேன். அவர் சத்தத்தைக் கூட்டுவார். எங்களுக்குள் இருந்த ஒரே பேச்சுவார்த்தை அதுதான்.

ஒரு நாள் பாட்டு வரவில்லை. அப்பாடா என்று பேப்பரைப் பிரித்தேன். மறுநாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள் பேப்பரில் ஒரு வரி மண்டையில் ஏறவில்லை. மனுசனுக்குச் சர்க்கரை வேறு உண்டு. பயந்துதான் போனேன், அதைச் சொல்ல என்ன வெட்கம்.

"ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள் மனைவி.

"நான் எதுக்குப் போவணும்?" என்று எரிந்து விழுந்துவிட்டு மகளுக்குப் போன் போட்டேன்.

"பெரியப்பா நல்லாத்தான் இருக்காங்கப்பா. பாட்டுதான் கட்டாயிட்டு. நான் விபிஎன் போட்டிருந்தேன்லா, அதக் கண்டுபிடிச்சிட்டான்."

விவரம் கேட்டால் தலை சுற்றியது. ஒரே வீட்டில் வசிக்கும் குடும்பத்துக்கு என்று ஒரு சந்தா உண்டாம். நம் ஊர் விலைக்கு வரும் என்று, அவளும் நானும் அண்ணனும் கோவில்பட்டியில் ஒரே கூரைக்குக் கீழ் ஒற்றுமையாக வாழ்வதாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். கனடாப் பனியில் நடந்துகொண்டே கோவில்பட்டியில் இருப்பதாகக் காட்டுவதற்குத்தான் அந்த விபிஎன். கம்பெனிக்காரன் மோப்பம் பிடித்து மொத்தக் குடும்பத்தையும் நிறுத்திவிட்டான். எங்கள் சொந்தக்காரர்கள் எத்தனையோ முறை பஞ்சாயத்துக்கு வந்து, கறிச்சோறு தின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள். நீங்கள் ஒரே வீட்டில்தான் இருக்கிறீர்களா என்று ஒருத்தர் கேட்டதில்லை. பாட்டு விற்கிறவன் கேட்டுவிட்டான்.

"நான் வெளிய போயிடுதேன்ப்பா. இனி நீங்களும் பெரியப்பாவும்தான் குடும்பம். ரெண்டு பேரும் ஒரே அட்ரஸ் போடணும். கதவு நம்பர் மாறுனாலும் ஒத்துக்கிட மாட்டான்."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சுவர் எழும்பிய பிறகு முதன்முறையாக அண்ணன் வாசலில் போய் நின்றேன். ஊமையாகிவிட்ட ஸ்பீக்கருக்கு எதிரே காப்பித் தம்ளரோடு உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார்.

"என்னலே?"

"பாட்டு வரணும்னா ரெண்டு பேரும் ஒரே அட்ரஸ் போடணுமாம்ண்ணே."

"ஒன் நம்பர நான் போட மாட்டேன்."

தண்ணீர் இல்லாத கிணற்றுக்கு மல்லுக்கு நின்ற அதே மனுசன்! எனக்குச் சுர்ரென்று ஏறியது. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அதை என்னால் தாங்க முடியவில்லை. போனை எடுத்து என் முகவரியில் 'ஏ' சேர்த்து அவரிடம் நீட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"அப்பம் நீ என் வீட்லதான் இருக்க."

"ஆமா."

"இனிமே சத்தம்னு செவுத்தத் தட்டப்படாது" என்றவர், உள்ளே போய் இன்னொரு தம்ளர் எடுத்து வந்தார்.

மறுநாள் விடிந்ததும் பாட்டு வந்தது. காதைத் தீட்டிக் கேட்டால்தான் கேட்கும் அளவுக்கு, அவ்வளவு மெதுவாக. அண்ணனுக்குத் திடீரென்று என் மேல் மரியாதை வந்திருக்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய்ச் சுவரைத் தட்டினேன்.

சத்தத்தைக் கூட்டினார்.