கோல்கீப்பர் சீலன் வேண்டாம்

நாரந்தனைச் சந்தியில் பஸ் கால் மணி நேரமாக நிற்கிறது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. தீவுகளுக்கிடையிலான உதைபந்தாட்டப் போட்டிக்கு இன்று சீட்டுக் குலுக்கி ஆட்டக்காரரை அணிகளுக்குப் பிரிக்கிறார்கள். முடிவு கைபேசியில் வரவேண்டும். யார் தங்கள் அணிக்கு வரக்கூடாது என்பதில்தான் பஸ்ஸுக்குள் சண்டை.

"வலையில் மீன் பட்டால் மைதானத்துக்கே வராத அந்த நெட்டையன் வேண்டாம்," என்கிறார் தொப்பி போட்ட ஒருவர்.

மடியில் மீன் பெட்டியோடு இருக்கும் அக்கா விடவில்லை. "அவன் வராட்டிப் பத்துப் பேரோட சமாளிக்கலாம். கோல்கீப்பர் சீலன் வந்தாத்தான் ஆபத்து. கோலுக்குள்ள நிண்டு சனத்தோட கதைச்சுக்கொண்டிருப்பான். பந்து உள்ளுக்குப் போனதும் தெரியாது!"

பஸ் முழுக்கச் சிரிக்கிறது. சாரதியும் திரும்பி இருந்து சிரிக்கிறார்.

தொப்பிக்காரரின் கைபேசி அடிக்கிறது. "சீலன் காரைநகர் அணிக்காம்!"

கைதட்டல் அடங்க நேரமாகிறது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டிய சாரதி பஸ்ஸை எடுக்கிறார். முன் இருக்கையிலிருந்து அவரிடம் கேட்கிறேன், யார் அந்தச் சீலன் என்று.

"நான்தான் அண்ணை."

கோபம் வரவில்லையா என்று மெல்லக் கேட்கிறேன்.

"என்னத்துக்கு? காரைநகர் ஆக்கள் இந்த பஸ்ஸில ஏறுறேல்லை. இவையின்ர டீமில நிண்டு தோத்திருந்தா, ஒவ்வொரு நாளும் யாழ்ப்பாணம் போய்ச்சேருமட்டும் இவையின்ர வாயைக் கேட்டுக்கொண்டெல்லோ ஓடவேணும். கடவுள் காப்பாத்திப்போட்டார்."

சொல்லிவிட்டு, மீன் அக்காவோடு கதைக்கப் பின்னால் திரும்புகிறார். அவருக்காக நான் வீதியைப் பார்த்துக்கொள்கிறேன்.