பில்லுக்கு முதலில் நீளும் கை

எட்டுப் பேர் சாப்பிட்ட பில் மேசைக்கு வந்தால், முதலில் நீளும் கை லின்சி ஆர்மிட்டேஜுடையது. இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் உள்ள அந்தக் கறி ஹோட்டலில் பரிமாறுகிறவர்களுக்கு இது பழகிவிட்டது. புதினா மிட்டாய்த் தட்டோடு பில்லையும் நேராக அவள் முன்னால் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். மொத்தத்தையும் அவள் தன் கார்டில் கட்டுவாள். மற்றவர்கள் ஃபோனை எடுத்து அவரவர் பங்கை அவள் கணக்குக்கு அனுப்புவார்கள். பில் அவளுக்குச் செலவு இல்லை, ஆனால் அத்தனைக்குமான விமானப் பாயின்ட் அவளுக்கு.

“இன்னிக்கு நாம தின்ன கோழியில இவளுக்கு டோக்கியோ சீட்டு பாதி வந்திருக்கும்” என்றாள் டோனா. மூக்குக்கண்ணாடிக் கடையின் வரவேற்பு மேசையில் லின்சிக்குப் பக்கத்து நாற்காலிக்காரி.

“பாதியெல்லாம் இல்லடி. சீட்டோட கைப்பிடி மட்டும்தான். நீ இன்னொரு பிளேட் சொல்லியிருந்தா குஷனும் வந்திருக்கும்.”

லின்சியின் கணவன் ஏட்ரியன் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தான். பாய்லர் பழுது பார்க்கிறவன். பேசுவதை விடக் கழற்றிப் பார்ப்பது பிடித்தவன். மனைவியின் இந்தக் கலைக்கு அவன்தான் பெரிய முதலீடு. தொழிலுக்கு வாங்கும் குழாய், பம்பு, வால்வு எல்லாம் அவள் சொல்லும் கார்டில்தான் போகும். செம்புக் குழாய் விலை ஏறினால் அவன் முகம் சுருங்கும், அவள் முகம் மலரும். இந்த நாட்டிலேயே செம்பு விலை ஏறியதற்குச் சந்தோஷப்படும் ஒரே ஆள் தன் மனைவிதான் என்று அவன் பழுது பார்க்கப் போகும் வீடுகளில் சொல்வதுண்டு.

பக்கத்து வீட்டு ஹேக் சோஃபா வாங்கப் போனால் அவளும் போவாள், அவர் பணத்தைத் தன் கார்டில் கட்டுவதற்காக. ஹெட்லி மாமா இறந்தபோது, அடக்கத்துக்கு ஏற்பாடு செய்கிற கறுப்புக் கோட்டுக்காரரிடம் குரலைத் தாழ்த்தி, “இந்தக் கார்டு வாங்குவீங்களா?” என்று கேட்டாள். அவர் முகம் மாறாமல் உள்ளே போய் மெஷினை எடுத்து வந்தார். ஏட்ரியனுக்குத் தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது. அத்தைதான் காப்பாற்றினாள்: “விடுப்பா. உயிரோட இருந்தப்ப அந்த மனுஷன் அவளுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்ததில்ல.”

கடன் வைப்பவள் என்று அவளை யாரும் நினைத்துவிடக் கூடாது. கார்டுக் கணக்கு வந்த அன்றே முழுவதையும் அடைத்துவிடுவாள். “வட்டின்னு ஒரு பென்னி கட்டினாலும் ஜெயிச்சது அவன், நான் இல்ல” என்பாள். அவன் என்பது யார் என்று ஏட்ரியன் கேட்டதில்லை. கார்டுக் கம்பெனியின் ஏதோ ஒரு மாடியில், தன்னை மட்டுமே கண்காணித்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்று அவள் நம்புவதாக அவனுக்குத் தோன்றும்.

பாயின்ட் வெறும் தீனிதான், அவள் வேட்டை வவுச்சர். ஒரே வருடத்தில் கார்டில் போதுமான அளவு செலவு செய்தால் விமானக் கம்பெனி ஒரு வவுச்சர் தரும். பாயின்ட் கொடுத்து ஒரு சீட் எடுத்தால், கூட வருகிறவருக்குப் பாயின்ட் இல்லாமல் இன்னொரு சீட். வரியை மட்டும் காசாகக் கட்ட வேண்டும். வவுச்சர் யார் பெயரில் வந்ததோ அவர் அந்தப் பயணத்தில் இருந்தாக வேண்டும். குடும்பத்தில் நான்கு பேர். ஆகவே லின்சி பெயரில் ஒன்று, ஏட்ரியன் பெயரில் ஒன்று.

வரியிலும் அவள் விட்டுக்கொடுப்பதில்லை. ஸ்காட்லாந்தின் வடக்குக் கோடியில் இன்வெர்னெஸ்ஸில் விமானம் ஏறினால் பயண வரி கிடையாது. எனவே பாஸ்டனுக்குப் பயணம் போன அந்த வருடம் வீட்டிலிருந்து ஒரு பகல் முழுக்க வடக்கே காரோட்டிப் போய், அங்கிருந்து லண்டனுக்குத் தெற்கே பறந்து, பிறகுதான் கடல் தாண்டினார்கள். மூத்தவள் இமோஜெனுக்கு அப்போது பதினொரு வயது.

“அம்மா, மேற்க போறதுக்கு எதுக்கு வடக்க போறோம்?”

“அங்க ஏறினா வரி இல்ல, கண்ணு.”

“ஏன் இல்ல?”

“ஊரு ரொம்ப தூரம்னு சலுகை.”

“அப்ப அது தூரம்னு அரசாங்கத்துக்கே தெரிஞ்சிருக்கு.”

பெட்ரோலும் வழியில் தங்கிய அறையும் வரியில் மிச்சமானதில் பாதியைத் தின்றுவிட்டன. ஏட்ரியன் அந்தக் கணக்கை மனதுக்குள் போட்டான். இன்றுவரை வெளியே சொன்னதில்லை.

அதற்குப் பிறகு டோக்கியோ. கிளம்ப ஒரு மாதம் இருக்கையில் உலகமே கதவைச் சாத்திக்கொண்டது. பாயின்ட்டும் வவுச்சரும் திரும்பி வந்தன. அடுத்த முறை ஏட்ரியனின் முட்டி ஆபரேஷன். அந்த வவுச்சர் ஒரு செவ்வாய்க்கிழமை காலாவதியானது. அன்று இரவுச் சாப்பாட்டில் லின்சி உருளைக்கிழங்கை மட்டும் தின்றாள்.

இப்போது இமோஜெனுக்குப் பதினெட்டு. செப்டம்பரில் கல்லூரிக்குப் போகிறாள். போனால், விடுமுறைக்கு வந்துபோகும் பெண்தான். இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பிப்ரவரியில் ஒரு நாள் அவளே ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டு சொன்னாள்:

“டோக்கியோன்னா வரேன். இல்லன்னா ஃப்ரெண்ட்ஸோட கிரீஸ். ஞாயித்துக்கிழமைக்குள்ள அவங்களுக்குக் காசு கட்டணும், அம்மா. உன் ஏர்போர்ட் கதையை நம்பி அதையும் விட முடியாது.”

“நியாயம்தான்” என்றாள் லின்சி. பிறகு நான்கு பாஸ்போர்ட்டையும் எடுத்துச் சமையலறை ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்தாள். ஏட்ரியன் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கெஞ்சுவது அப்படித்தான்.

வாய்ப்பு இருந்தது. ஆகஸ்ட் மாதத்துக்குச் சில டோக்கியோ விமானங்களைப் பாயின்ட்காரர்களுக்கு மட்டும் ஒதுக்கப்போவதாகக் கம்பெனி அறிவித்திருந்தது. வியாழன் காலை ஆறு மணிக்கு முன்பதிவு திறக்கும். நாடெங்கும் இருக்கும் லின்சிகள் எல்லாரும் அந்த நேரத்துக்கு எழுந்திருப்பார்கள். அரைமணியில் ஒன்றும் மிஞ்சாது.

இங்கே ஏட்ரியனின் பொய்யைச் சொல்லியாக வேண்டும். அவன் பெயரிலான வவுச்சர் நவம்பரிலேயே வந்துவிட்டது. உடனே லின்சி உத்தரவு போட்டாள்: “உன் கார்டை ரத்து பண்ணிடு. மார்ச்ல வருஷக் கட்டணம் விழும். கொஞ்ச நாள் கழிச்சுப் புதுசா சேந்தா போனஸும் வரும். வவுச்சர் எங்கயும் போகாது, அது ஏர்லைன் கணக்குல பத்திரமா இருக்கும்.” அவன் வேனில் உட்கார்ந்து ஃபோன் செய்தான். வெகுநேரம் சங்கீதம் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள். எதனால் விலகுகிறீர்கள், எங்களிடம் ஏதாவது குறையா என்று அவ்வளவு வருத்தமாகக் கேட்டாள். “குறையெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, சும்மாதான் கூப்பிட்டேன்” என்று வைத்துவிட்டான்.

வீட்டில், “ஆச்சு” என்றான். கார்டை வெட்டியாயிற்றா என்று கேட்டாள். அதற்கும் “ஆச்சு” என்றான். கார்டு வேனின் கதவுப் பையில் கிடந்தது. முன்கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்ட அதைப்போல ஒன்று கடையில் கிடைக்காது. செலவில்லாத கார்டுக்குக் கணக்கும் வராததால் லின்சிக்குச் சந்தேகம் எழவில்லை. மார்ச்சுக்குள் எப்படியும் கூப்பிட்டுவிடலாம் என்று தினமும் காலையில், சுரண்டிக்கொண்டே, நினைத்துக்கொள்வான்.

வியாழன் காலை லின்சி லேப்டாப் முன்னால் உட்கார்ந்தபோது வெளியே நல்ல உறைபனி. அவள் முதலில் தன் வவுச்சரைப் போட்டாள்: தனக்கும் இமோஜெனுக்கும். எது தவறினாலும் மூத்தவள் சீட் தவறக் கூடாது. தன் கார்டில் வரியைக் கட்டினாள். பச்சை எழுத்து வந்தது.

“ரெண்டு” என்றாள்.

அடுத்து ஏட்ரியனின் வவுச்சர்: அவனுக்கும் சின்னவள் மேய்சிக்கும். சீட் கிடைத்தது. பத்து நிமிடம் பிடித்து வைத்திருக்கும், அதற்குள் வரியைக் கட்ட வேண்டும். மறுபடி தன் கார்டைப் போட்டாள். சிவப்பாக ஓர் அறிவிப்பு வந்தது. அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். மூன்றாம் முறை உதடு அசையப் படித்தாள்.

“வவுச்சர் யார் பேர்ல இருக்கோ அவங்க பேர்ல உள்ள, வவுச்சர் வாங்கித் தந்த அதே கார்டுலதான் வரி கட்டணுமாம். என் கார்டு செல்லாதாம்.” குரல் மெலிந்துவிட்டது. “உன் கார்டு கேக்குது, ஏட்.”

ஏட்ரியன் டீக் கோப்பையைக் கீழே வைத்தான்.

“நான்தான் ரத்து பண்ணச் சொன்னேன்” என்றாள். “எல்லா விதியும் தெரிஞ்ச மாதிரி நானே உக்காந்து சொன்னேன். இருபது பக்கம் படிச்சேன், இந்த ஒரு விதிய விட்டுட்டேன்.”

இமோஜென் கதவருகே போர்வையோடு நின்றிருந்தாள். “அப்ப நானும் நீயும் மட்டும் போறமா? அப்பாவுக்கு ஒரு போஸ்ட் கார்டு போட்டுடலாம்.” கேலியாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் குரல் கேலியை விட்டுவிட்டது.

லின்சி திரும்பிப் பார்க்கவில்லை. திரையின் மூலையில் நிமிடங்கள் குறைந்துகொண்டிருந்தன.

ஏட்ரியன் எழுந்து, செருப்போடு வெளியே போனான். வேன் கதவு பனியில் ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்துத் திறந்து துழாவினான். திரும்பி வந்து அவள் முன்னால் மேசைமேல் ஒரு கார்டை வைத்தான். ஓரமெல்லாம் நைந்து, ஈரமாக இருந்தது.

“என்ன இது?”

“கார்டு.”

“வெட்டிட்டேன்னு சொன்னே.”

“சொன்னேன்.”

“ரத்து பண்ணிட்டேன்னு சொன்னே.”

“அந்தப் பொண்ணு ரொம்ப மரியாதையா பேசுச்சு, லின்ஸ்.”

அவள் அவனைப் பார்த்த பார்வையில் மூன்று மாதத்துக் கேள்விகள் இருந்தன. ஆனால் நேரமில்லை. துண்டால் கார்டைத் துடைத்து எண்ணைத் தட்டினாள். நடுவில் ஓர் எண் பனியோடு போராடித் தேய்ந்திருந்தது. கண் கூர்மையான மேய்சியை எழுப்பிக் கொண்டுவந்து விளக்கடியில் காட்டினார்கள்.

“எட்டு” என்றாள் மேய்சி, கண்ணைக் கசக்கிக்கொண்டு.

எட்டைப் போட்டாள். தவறான எண் என்றது.

“அப்ப மூணு. பாதி எட்டு மூணுதான?”

மூன்றைப் போட்டாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஏட்ரியனின் சட்டைப் பையில் ஃபோன் கிணுகிணுத்தது. நீங்கள்தானா என்று கம்பெனி கேட்டது. நான்தான் என்று அழுத்தினான். பச்சை எழுத்து வந்தது.

“நாலு” என்றாள் லின்சி. அப்படியே குனிந்து லேப்டாப்பின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று ஏட்ரியன் கிட்டே போனான். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“சுரண்டினியா? அத வெச்சு ஐஸ் சுரண்டினியா?”

“நல்லா வரும்.”

“பொய் சொன்னதுக்கு நன்றியெல்லாம் சொல்ல மாட்டேன்.”

“வேண்டாம்.”

“இனிமே எந்த ஃபோனும் நான்தான் பண்ணுவேன்.”

“அதத்தான் நானும் வேண்டிக்கிட்டேன்.”

அவள் எழுந்து அவனுக்கு இன்னொரு டீ போட்டாள். அவன் கேட்காமலே மூன்று பிஸ்கட்டும் வைத்தாள். இமோஜென் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டித் தன் ஃபோனில் என்னவோ தட்டினாள். “கிரீஸுக்கு நான் இல்லன்னு சொல்லிட்டேன்” என்றாள். “ஆனா கார்ல முன் சீட்டு எனக்குத்தான். வடக்க போறவரைக்கும் பாட்டும் நான்தான் போடுவேன்.”

“போட்டுக்கோ” என்றாள் லின்சி. வேறு நாளாக இருந்தால் பேரம் பேசியிருப்பாள்.

அவன் வேலைக்குக் கிளம்பும்போது வேன் கண்ணாடி வெள்ளையாக மூடியிருந்தது. அந்தக் கார்டு இப்போது ஜன்னல் கட்டையில், பாஸ்போர்ட்டுகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தேய்ந்த எண்ணின் மேல் லின்சி நகச்சாயத்தால் சிவப்பாக ஒரு மூன்று எழுதிக் காயவைத்திருக்கிறாள். அவன் கையை ஊதிக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவள் இரவு உடுப்போடு வெளியே வந்தாள். பர்ஸைத் திறந்து ஒவ்வொரு கார்டாக எடுத்துப் பார்த்தாள்: சூப்பர் மார்க்கெட், பெட்ரோல் பங்க், காப்பிக் கடை. ஒவ்வொன்றையும் திரும்ப உள்ளே வைத்தாள். பிறகு சமையலறைக்குப் போய் கேக் மாவு வழிக்கிற பிளாஸ்டிக் கரண்டியை எடுத்து வந்தாள். அவனை வேனுக்குள் உட்காரச் சொல்லிவிட்டு, கண்ணாடி முழுவதையும் அவளே சுரண்டினாள்.

மார்ச்சில் வருடக் கட்டணம் விழும். அதைக் கட்டப்போகிறார்கள். ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை காலை, டோக்கியோ போவதற்காக நான்கு பேரும் வடக்கே கிளம்புகிறார்கள்.