மேஜை முதல் டிரிப்பில் போனது

1

மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. மும்பைக்குப் போகும் டாக்ஸி எந்த நேரமும் வந்துவிடும். புது டைனிங் டேபிள் விஷ்ராந்த்வாடியில் இருந்தது. அதில் உட்கார்ந்து சாப்பிட வேண்டிய பையன் லோஹேகாவில், சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தான். நடுவில் ஸ்கூட்டரோடு நான்.

புனேயில் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பீங்கானை எப்படிச் சுற்றுவது, ஃபிரிட்ஜை எப்படி ஏற்றுவது என்று புதிதாக வரும் பிள்ளைகள் கேட்பார்கள். அதெல்லாம் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். வராத விஷயம் ஒன்று உண்டு. அதற்காகத்தான் இந்த வீட்டு ஷிஃப்டிங்கைப் பற்றி எழுதுகிறேன்.

2

தொண்ணூறுகளின் கடைசி. அமெரிக்காவிலிருந்து ஆள் கூப்பிட்டுக்கொண்டே இருந்த காலம். வாரண்ட் ஆபீசர் பூமிநாதன் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்று, லோஹேகாவ் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு விஷ்ராந்த்வாடியில் வாங்கிய சொந்த ஃபிளாட்டுக்குப் போகிறார். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். மனைவி கோமதி. ஒரே பையன் சங்கர், கம்ப்யூட்டர் படித்தவன்.

சாமான் கணக்கெடுக்க சர்வேக்குப் போனபோது அந்த வீட்டில் மரச்சாமான் என்று எதுவும் இல்லை. இருந்ததெல்லாம் பெட்டிகள். ராணுவக் குடும்பங்களில் பார்க்கலாம், கறுப்பு பெயின்ட் அடித்து வெள்ளையில் பெயரும் ரேங்கும் எழுதிய மரப்பெட்டிகள். இரண்டைச் சேர்த்துப் போட்டு மெத்தை விரித்தால் திவான். ஒன்றின் மேல் துணி விரித்தால் டி.வி. ஸ்டாண்ட். இன்னொன்றைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தால் சாப்பாட்டு மேஜை. ஜோர்ஹாட், ஆதம்பூர், தாம்பரம் என்று எங்கே போஸ்டிங் போனாலும் கூடவே போன பெட்டிகள்.

"கல்யாணமாகி வந்ததுல இருந்து பெட்டி மேலதான் தம்பி குடித்தனம். ஒரு மேஜை வாங்குவோம்னா, அடுத்த போஸ்டிங்குக்கு யாரு தூக்கன்னு கேப்பாக" என்றார் கோமதி அக்கா. பூமிநாதன் சார் காது கேட்காதவர் போலப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

சொந்த வீடு என்றதும் அக்கா முதலில் செய்த காரியம், நானா பேட்டில் தேக்கில் ஒரு டைனிங் டேபிளும் நாலு நாற்காலியும் செய்யச் சொன்னதுதான். அதற்குள் சங்கருக்கு அமெரிக்க விசா வந்து, டிக்கெட்டும் வந்துவிட்டது. அவன் கிளம்பும் நாளும் குவார்ட்டர்ஸை ஒப்படைக்கும் நாளும் ஒன்றாக அமைந்தன. ஒப்படைப்பை அவர்கள் 'மார்ச் அவுட்' என்பார்கள். ஒருவர் வந்து பல்பு, குழாய், கதவு எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். நாலு நாள் தள்ளிக் கேட்டால் கொடுத்திருப்பார்கள். ஆனால் சார் கேட்க மாட்டார். சர்வீஸ் முழுக்க எதையும் தள்ளிக் கேட்காத மனுஷன்.

அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது ஒன்றுதான். பையன் ஏறிப் போவதற்குள் சொந்த வீட்டில், சொந்த மேஜையில் மூன்று பேரும் ஒரு வேளை சாப்பிட வேண்டும். மற்ற சாமான் எப்போது வந்தாலும் சரி.

எனக்கு அது பெரிய வேலையாகத் தெரியவில்லை. கடைசியில் ஏற்றியது முதலில் இறங்கும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. அதையும் நம்பாமல் இரண்டு டிரிப்பாகவே பிரித்தேன். முதல் டிரிப்பில், நானா பேட்டிலிருந்து குவார்ட்டர்ஸுக்கு வந்து இறங்கியிருந்த மேஜை, நாற்காலி, கேஸ் அடுப்பு, பாத்திரம், கூடவே அக்கா. இரண்டாவதில் பெட்டிகள்.

3

காலையில் எல்லாம் சொன்னபடி நடந்தது. மேஜையை ஜன்னலோரம் போட்டுக் காலை இறுக்கிக் கொடுத்தோம். அக்கா அதைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார், பிறகு சமைக்கப் போனார். சொதி வாசனை படிக்கட்டு வரை வந்தது.

நான் லோஹேகாவுக்குத் திரும்பியபோது பெட்டிகள் டெம்போவில் ஏறியிருந்தன, ஒன்றைத் தவிர. அதன் மேல் ஏறி நின்று சார் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். சங்கர் சாக்பீஸைத் தூளாக்கிக் குழைத்து ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் வரச் சாயங்காலம் ஆகும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்களாம்.

தம்பியை நான் அழைத்துப் போகிறேன், நீங்களும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடலாம் என்றேன். விஷ்ராந்த்வாடி என்ன காசியா ராமேஸ்வரமா. அவர் பிரஷ்ஷை நிறுத்தவில்லை.

"பஸ், ஆதா கண்டா. அரை மணி நேரந்தான். கவர்மென்ட் வீடு தம்பி. நாம இருந்த அடையாளமே தெரியக் கூடாது."

சங்கர் என்னைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், மறுபடியும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை வேறென்ன செய்வான்? அரை மணி நேரம் இரண்டு தடவை கடந்தது. சார் குழாயடிக் கறையைத் தேய்க்க ஆரம்பித்தார்.

புது ஃபிளாட்டில் போன் இணைப்பு இன்னும் வரவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் நான்தான் சொன்னேன். மூன்று தட்டு போட்டு, மூன்று டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார் அக்கா. தட்டுகளை அடுக்கினார். சொதியையும் சோற்றையும் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு என் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

அந்தக் கடைசிப் பெட்டியைத்தான் நடுவில் இழுத்துப் போட்டார்கள். அக்கா சுண்ணாம்புச் சொட்டைத் துடைத்துவிட்டுத் தட்டை வைத்தார். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து, எப்போதும் சாப்பிடுகிற மாதிரியே சாப்பிட்டார்கள். பாதியில் டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான். சங்கர் கை கழுவி, காலில் விழுந்து கும்பிட்டுப் போய்விட்டான். ஏர்போர்ட் பக்கத்து ஊரில் குடியிருந்தும், பிளேன் ஏற மும்பைக்குத்தான் போக வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் ஒப்படைப்புக்கு வந்த ஆள், சின்னப் பையன், வாசற்படியில் நின்று ஒரு பார்வை பார்த்தான். "டீக் ஹை, சாப்" என்று கையெழுத்துப் போட்டான். சுவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. சார் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்குக் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது.

4

சில வருடம் கழித்து அதே ஃபிளாட் சொசைட்டியில் வேறொரு வீட்டுக்கு சர்வே. கோமதி அக்கா பார்த்துவிட்டு விடவில்லை, காபிக்குக் கூப்பிட்டார். மேஜை அதே ஜன்னலோரம் இருந்தது. ஒரு பாதியில் மடித்த துணி, மறுபாதியில் சாரின் மருந்துகள். இருவரும் டி.வி. முன்னால் தட்டைக் கையில் வைத்துச் சாப்பிடுவார்களாம். பெட்டிகளை விற்றுவிட்டீர்களா என்று கேட்டேன். பால்கனியில் ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது.

சங்கர் போன வருஷம் மனைவியோடு வந்திருந்தானாம். அப்பாடா, மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டானா என்று கேட்டுவைத்தேன்.

"சாப்பிட்டான் தம்பி, நல்லாத்தான் சாப்பிட்டான். எங்க உக்காரட்டும்னு கேட்டுட்டு உக்காந்தான், விருந்தாளி மாதிரி. அன்னைக்கு ஒரு வேளை சாப்பிட்டிருந்தா வீட்டுப் பிள்ளையா சாப்பிட்டிருப்பான்."

சார் உள்ளே இருந்தார். இந்தத் தடவை காது கேட்காதவர் போல இருக்கவில்லை. எழுந்து வந்து, மேஜை மேலிருந்த துணியை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார். மருந்துகளையும் எடுத்தார். எனக்குக் காபியை அங்கே வைத்துக் கொடுக்கச் சொன்னார். மூன்று பேரும் உட்கார்ந்து குடித்தோம். நாலாவது நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை.

பிற்பாடு ஐ.டி. கம்பெனிகள் வந்த ஹிஞ்சேவாடியில் வேலைகள் நிறைய வந்தன. கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்கு எல்லாம் சனி, ஞாயிறுக்குள் முடிய வேண்டும். எத்தனை கார்ட்டன், லிஃப்ட் உண்டா என்று நான் கேட்பேன் என்று நினைப்பார்கள். அதைக் கேட்பதற்கு முன்னால் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ஷிஃப்டிங் அன்றைக்கு வீட்டில் யாராவது ஊருக்குக் கிளம்புகிறார்களா? ஆமாம் என்றால் தேதியை மாற்றச் சொல்வேன். மாட்டேன் என்றால் ஆர்டரே வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுவேன். முதலாளி திட்டுவார். திட்டட்டும்.