ஆளிருக்கும் காணி

போர் முடிந்து இரண்டாம் ஆண்டின் ஜூன் மாதம். லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட சட்ட நிறுவனமொன்றின் கொழும்பு அலுவலகத்தில் நான் சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வெளிநாட்டு ஹோட்டல் கம்பனியொன்று கற்பிட்டிக் கரையில் பதினெட்டு ஏக்கர் வாங்கவிருந்தது. அக்காணியில் எவரேனும் இருக்கிறார்களா என்று நேரில் பார்த்து எழுதுவது எனது முதற்பணி.

காலை ஆறு மணிக்குக் கொள்ளுப்பிட்டியிலிருந்து அலுவலக வான் வண்டியில் புறப்பட்டோம். உடன் வந்தவர் மேலதிகாரி அன்ரன் சேர். குரல் உயர்த்தாத மனிதர். சிலாபத்தில் நூற்றைம்பது ரூபாய்க்கு இருவரும் பாணும் பருப்பும் உண்டோம். பாலாவிச் சந்தியில் இடப்புறம் திரும்பினால் கற்பிட்டி வீதி. ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். தென்னைகள், வெங்காயப் பாத்திகள், இடையிடையே களப்பின் மங்கிய நீர். வானம் ஈயம்போற் கிடந்தது.

பதினொரு மணியளவில் குறிஞ்சிப்பிட்டியை அடுத்த கரையில் இறங்கினோம். தென்மேற்குக் கச்சான் காற்று மணலை முகத்தில் வீசியடித்தது. சேர் எல்லைக் கற்களைப் பார்க்கச் சென்றார். என் எதிரே எட்டு வாடிகள். மீன்பிடிப் பருவத்தில் தங்குவதற்கும் கருவாடு போடுவதற்கும் கட்டிய அந்த ஓலைக் கொட்டில்களின் கதவுகள் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. கடைசி வாடியில் மட்டும் ஒரு பெண் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். என் கறுப்புக் கோட்டைக் கண்டதும் சிரித்தாள்.

“கோட்டும் சப்பாத்துமா மணல்ல நடக்கிறீங்க. கடலுக்கு வழக்குப் போடவா வந்தீங்க?”

“இல்ல ராத்தா. காணி பார்க்க வந்தன்.”

மூத்த சகோதரியை எங்கள் வீடுகளில் ராத்தா என்றே அழைப்போம். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் ஒரு பெட்டியைக் கவிழ்த்து என்னை இருத்தினாள். பெயர் ரமளா. இங்கே கடல் கொந்தளிக்கும் கச்சான் காலத்துக்குக் கணவனும் இரண்டு மகன்மாரும் முல்லைத்தீவுக் கரைக்குத் தொழிலுக்குப் போயிருந்தனர். மற்ற வாடிக்காரரும் அப்படியே.

“காணிக்காரர் ஆள் கூட்டிக்கொண்டு வந்து போட்டோ எடுத்தாரு. வெறுங்காணி எண்டு கதை. நீங்களும் ஆளில்லெண்டு எழுதிராதீங்க புள்ள. காத்து ஓய எல்லாரும் வந்துருவாங்க. வாப்பாட காலத்துலயிருந்து எங்கட வலை இழுக்கிற இடம் இது.”

“உள்ளதைத்தான் எழுதுவன், ராத்தா.”

“அது போதும்.”

திரும்பும் வழியில் மடிக்கணினியை மடியில் வைத்து எழுதினேன்: எட்டு வாடிகள், பருவந்தோறும் எட்டுக் குடும்பங்கள், ஒரு தலைமுறைக்கு மேலான பயன்பாடு. நுரைச்சோலையைக் கடந்தபோது சேர் அதை வாசித்து முடித்தார்.

“நல்ல வேலை, நஸ்ரின். இது தெரியாம வாங்கியிருந்தா எங்கட ஆக்கள் மாட்டியிருப்பாங்க.”

“அப்ப வாங்கமாட்டாங்களா, சேர்?”

“வாங்குவாங்க. ஆளில்லாத காணியாத் தரவேணும் எண்டு ஒரு நிபந்தனை போடுவம். வாடியளைப் பிரிக்கிறது விக்கிறவற்ற பாடு. சீசனுக்கு முன்னம் செய்திட்டா லேசு. இப்ப அங்க ஒரு மனிசிதானே.”

வாடிகளைப் பற்றிய வரிகளைத் திரையில் காட்டிக் கேட்டேன்: “அந்தப் பந்தியை எடுத்துவிடட்டுமா?”

“எடுத்தா பொய்யாயிடும். எடுத்தாலும் சீசனுக்கு அவங்க வரேக்க பொலிஸ் வந்து கலைக்கும்.” அவர் கணினியை மெதுவாக மூடினார். “ஏதும் நட்டஈடு கேட்டு எழுதிப் பாப்பம்.”

அவர் கேட்டார். அது கொடுக்கப்பட்டதா என்பதை நான் அறியேன். ஆவணி முடியுமுன் கரை வேலியிடப்பட்டது.

அன்று பாலாவியில் வான் கொழும்புப் பக்கம் திரும்பியது. மறுபக்கம் சில கிலோமீற்றரில் புத்தளம். என் தாய், உம்மா, இருக்கும் வீடு. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களைப் புலிகள் வெளியேற்றியபோது, எங்கள் தெருவில் யார் யார் வாழ்ந்தார்கள் என்பதை ஒருவரும் எழுதிவைக்கவில்லை. எழுதியிருந்தால் எங்களை அப்படி எளிதாக வெளியேற்றியிருக்க முடியாது என்று உம்மா சொல்லிச் சொல்லியே என்னைச் சட்டம் படிக்க வைத்தார். முதற்பயணம் எப்படியென்று அன்றிரவு தொலைபேசியில் கேட்டார். எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், உம்மா, என்றேன். அவர் அல்ஹம்துலில்லாஹ் என்றார்.