மாமாவின் முகத்தைத் தேடிப் போன நாள்

பங்குனி பிறந்துவிட்டால், பெங்களூரில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் ஒரு கேள்வியோடு என் மேசைக்கு வருவார்கள். இந்த வாரம் எந்தக் கண்காட்சிக்குப் போகலாம், எது பார்க்கத் தகுந்தது என்று. ஓவியத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இந்த நகரத்தில் எந்தத் தெருவில், எந்த மாடியில், எந்தப் பழைய பங்களாவின் பின்பக்கத்தில் படம் மாட்டுவார்கள் என்பது தெரியும். சாலையோர மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு ரோஸ் நிறத்தில் பூக்கத் தொடங்கியதும் சனிக்கிழமைகளில் கிளம்பிவிடுவேன். ஒரே ஒரு படத்தைத்தான் தேடுகிறேன். அதை ஒரு தடவை, ஐந்தாம் வகுப்பு முடித்த வருஷம், பார்த்திருக்கிறேன்.

அம்மாவின் தம்பியான என் மாமா அப்போது நாமக்கல்லில் முட்டை லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில்தான் இருந்தார். இருந்தார் என்பதைவிட வந்து போனார் என்று சொல்லலாம். வருவார், குளிப்பார், சாப்பிடுவார், தூங்குவார், எழுந்து போய்விடுவார். கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கிற பேச்சை அம்மா எடுக்கும்போதெல்லாம், "லாரிக்காரனுக்கு எவ கழுத்த நீட்டுவா" என்று சிரித்துக்கொண்டே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை, புதுச்சத்திரத்தில் அவருடைய லாரி பஞ்சர் ஆகிவிட்டது. டயரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அங்கே எப்போதும் டீ குடிக்கிற கடையின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். கார் பழுதாகி அதே இடத்தில் மாட்டிக்கொண்ட ஒரு பெரியவர் எதிரே வந்து உட்கார்ந்து, "உங்களை வரையலாமா?" என்று கேட்டிருக்கிறார். பெங்களூரில் இருக்கிற ஓவியர். மழை விடும் வரை, டயர் வந்து மாட்டும் வரை வரைந்தாராம். போகும்போது, "இதை வெச்சுப் பெரிய படமாப் பண்ணுவேன். மார்ச் மாசம் பெங்களூர்ல கண்காட்சி. அவசியம் வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எந்த இடம் என்று அவர் சொல்லவுமில்லை, மாமா கேட்கவுமில்லை.

இதை மாமா வந்து சொன்னபோது அம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. "ஏன்டா, உன்ற மூஞ்சிய வரையறதுக்குப் பெங்களூருல இருந்து ஆளு வந்தாங்களாக்கும்?" என்றாள்.

மாமா கோபித்துக்கொள்ளவில்லை. அன்று என்னிடம் மட்டும் சொன்னார். "அவ்வளவு நேரம் என்னைய ஆரும் பாத்ததில்ல சாமி. கூச்சமாப் போச்சு. எங்க பாக்கறதுன்னு தெரியாம லாரியவே பாத்துட்டு உக்காந்திருந்தேன்."

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அவருக்கு வடக்கே லோடு. மகாராஷ்டிரம், குஜராத் என்று போய்விட்டார். பங்குனியில் திரும்பி வந்தபோது கறுத்து இளைத்திருந்தார். வந்ததும் முதலாளியிடம் கேட்டு வாங்கியது ஒரு பெங்களூர் லோடு. எனக்குப் பரீட்சை முடிந்திருந்தது. கிளீனர் லீவில் இருந்ததால் அவருடைய இடம் காலி. நான் அழுது புரண்டதில் அம்மா இறங்கிவந்தாள். பெட்டிக்குள்ளிருந்து என் பட்டுப்பாவாடையை எடுத்துத் தந்து, "உன்ற மாமனோட மூஞ்சிய நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றாள். கேலிதான். ஆனாலும் கட்டிக் கொடுத்த புளிச்சோறு இரண்டு நாளைக்குக் காணும்.

நான் கண் விழித்தபோது பெங்களூர் வந்திருந்தது. கண்ணாடிக்கு வெளியே, ஒரு இலைகூட இல்லாமல் மரம் முழுக்கப் பூ. தரையிலும் பூ. நிறுத்தியிருந்த கார்களின் மேலும் பூ. முட்டை அட்டைகள் இறங்கி முடிந்ததும் மாமா மார்க்கெட் பக்கத்தில் குளித்துவிட்டு, பாலித்தீன் கவரில் மடித்துக் கொண்டுவந்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். தலையை ஒரு தடவைக்கு மூன்று தடவை சீவினார். பக்கக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்து, "படத்துலயும் இப்படித்தான் இருப்பனா?" என்று என்னைக் கேட்டார்.

ஆட்டோக்காரரிடம், "படம் மாட்டி வெச்சிருக்கிற எடத்துக்குப் போகோணுங்க" என்றார். தமிழ் தெரிந்த மனிதர்தான். நேரே கொண்டுபோய் ஒரு சினிமாக் கொட்டகையின் முன்னால் இறக்கிவிட்டார். வாசலில் பெரிய பெரிய நடிகர்கள் கத்தியோடு நின்றார்கள். நான் இதுதான் கண்காட்சி என்று நினைத்து மாமாவின் முகத்தை அந்தக் கூட்டத்தில் தேடிக்கொண்டிருந்தேன். மாமா தலையில் கை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இளநீர் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் திரும்ப முதலிலிருந்து விளக்கினார். "கையில வரையற படமுங்க. பெயிண்ட்ல."

அந்த அம்மா வழி சொன்ன இடம் மரங்கள் சூழ்ந்த பெரிய வளாகம். உள்ளே நுழையலாமா, செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று தெரியாமல் வாசலில் நின்றோம். யாரும் தடுக்கவில்லை. உள்ளே சுவர் முழுக்கச் சதுரங்கள். சிவப்புச் சதுரம், அதற்குள் கறுப்புச் சதுரம், சில இடங்களில் வெறும் வெள்ளை. மாமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றார். எந்தப் படத்திலும் ஆள் இல்லை என்பது முதல் படத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் மாமா கடைசிப் படம் வரைக்கும் பார்த்தார். வெளியே வந்து, "நல்லாத்தான் இருக்குது. நம்ம ஆளு இல்ல" என்றார்.

அடுத்த இடத்தில் எல்லாம் குதிரைகள். அதற்கடுத்த இடம் பூட்டியிருந்தது. என் பட்டுப்பாவாடை காலைத் தடுக்க ஆரம்பித்தது. ஒரு மரத்தடியில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். சாப்பாட்டின் மேல் ஒரு பூ விழுந்தது. "ஊட்டுக்குப் போலாம் மாமா" என்று சிணுங்கினேன். "இன்னும் ஒண்ணே ஒண்ணு பாத்துரலாம் அம்முணி. இல்லீன்னா போயிரலாம்" என்றார். அவர் குரலில் ஏற்கெனவே போய்விடலாம் என்றுதான் இருந்தது.

அந்த இன்னொன்று, ஒரு புத்தகக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. படி ஏறியதும் நான்தான் முதலில் பார்த்தேன். "மாமா, நம்ம லாரி!" என்று கத்தியதில் அங்கே இருந்த நாலைந்து பேரும் திரும்பினார்கள்.

எதிர்ச் சுவர் முழுவதையும் அந்தப் படம் அடைத்திருந்தது. மழை. ஒரு சக்கரம் இல்லாமல் ஜாக்கியில் நிற்கிற லாரி. டீக்கடையின் தகரக் கூரையிலிருந்து வழிகிற தண்ணீர். பெஞ்சில் கையில் கண்ணாடி டம்ளரோடு மாமா. முகம் பக்கவாட்டில் திரும்பி லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூக்கு, காதோரத்துத் தழும்பு, கழுத்தில் கட்டிய துண்டு எல்லாம் அச்சு அசலாக மாமா. ஆனால் வீட்டில் வந்து சாப்பிட்டுப் போகிற மாமா அல்ல, வேறு யாரோ ஒரு பெரிய மனிதர் மாதிரி இருந்தார்.

மாமா கிட்டே போனார். பின்னால் வந்தார். சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் சொன்னேன், "டீக்கடை அக்கா உங்களையே பாக்கறாங்க மாமா."

படத்தின் ஓரத்தில், பாய்லருக்குப் பின்னால், ஆவிக்கு நடுவில் ஒரு பெண் நின்றாள். கடைக்காரரின் மகள். அந்த வழியில் போகும்போது எனக்கு முறுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிற அக்கா. ஒரு கையில் டீ ஆற்றுகிற குவளை இருந்தது. ஆற்ற மறந்து அப்படியே நின்றாள். கண் மாமாவின் மேல் இருந்தது.

"எங்க?" என்றார் மாமா.

நான் விரலால் காட்டினேன். அதற்குப் பிறகு மாமா தன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

எவ்வளவு நேரம் நின்றாரோ, தோளில் ஒரு கை விழுந்தது. வெள்ளைத் தாடி வைத்த பெரியவர். "வந்துட்டீங்களே! நான் எதிர்பார்க்கவே இல்லை" என்று மாமாவைக் கட்டிக்கொண்டார். அங்கிருந்தவர்களிடம் மாமாவைக் காட்டி இங்கிலீஷில் என்னவோ சொன்னார். எல்லோரும் படத்தையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒரு பெண்மணி மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாமா வணக்கம் வைத்தார். அவர்கள் நகர்ந்ததும், தணிந்த குரலில் ஓவியரிடம் கேட்டார்.

"ஐயா, அந்தப் புள்ள... நீங்களா அப்படி வரைஞ்சீங்களா?"

"எப்படி?"

"பாக்கற மாதிரி."

பெரியவர் படத்தைத் திரும்பிப் பார்த்தார். "நான் இருந்ததைத்தான் வரைஞ்சேன். நீங்க லாரியைப் பாத்துட்டு இருந்தீங்க. அவங்க உங்களைப் பாத்துட்டு இருந்தாங்க. மழை விடற வரைக்கும்" என்றார். பிறகு தயங்கி, "உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

மாமா தலையை மட்டும் ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று சொல்ல முடியாதபடி.

படத்துக்குப் பக்கத்தில் சுவரில் சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது. யாரோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டு என்று நினைத்து, பிய்த்து எடுக்கப் போனேன். ஓவியர் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்தார். "அதை எடுத்துடாதேம்மா. படம் வித்துப்போச்சுன்னு அர்த்தம். கண்காட்சி முடிஞ்சதும் வாங்கினவங்க வீட்டுக்குப் போயிடும்."

வழக்கமாகப் பெங்களூரில் திரும்புகிற லோடு கிடைக்கும் வரை இரண்டு மூன்று நாள் காத்துக் கிடப்பார்கள். மாமா அன்று மாலையே வெறும் வண்டியைத் திருப்பினார். முதலாளி கத்துவாரே என்று எனக்கே பயமாக இருந்தது. மாமாவுக்கு அப்படி ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. ஓசூர் தாண்டும்போது பாட ஆரம்பித்தவர் கிருஷ்ணகிரி தாண்டியும் நிறுத்தவில்லை. தொப்பூர் மலை இறங்கியதும் வண்டியை ஓரங்கட்டி, "படுத்துக்கோ அம்முணி. பொழுது விடிஞ்சு போலாம்" என்றார். வீடு இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது எதற்கு வழியில் படுக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. விடிந்ததும் ஒரு தண்ணீர்த் தொட்டியில் குளித்து, அதே வெள்ளைச் சட்டையைத் திரும்பவும் போட்டுக்கொண்டார்.

புதுச்சத்திரத்தில் லாரி நின்றது. காலை டீக்கு ஆட்கள் வந்து போகிற நேரம். மாமா அதே பெஞ்சில் உட்கார்ந்தார். இந்தத் தடவை லாரிக்கு முதுகைக் காட்டி, பாய்லரைப் பார்த்து உட்கார்ந்தார்.

பாய்லருக்குப் பின்னால் அக்காவின் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க வாங்க, எங்கீங்க இத்தன நாளா ஆளையே காணோம்?" என்று டீயைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"வடக்க லோடுங்க" என்றார் மாமா. டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார். கடைக்குள் இருந்த துணித் திரை காற்றில் ஆடும்போதெல்லாம் அவர் கண் அங்கே போய் வந்தது. கடைசியில் கேட்டார். "ஏனுங்க, கடையில நீங்க மட்டும்தானா?"

"ஆமாங்க. புள்ளைக்குத்தான் மாசியில கல்யாணம் முடிஞ்சு போச்சே. கெங்கவல்லிப் பக்கம் குடுத்திருக்கோம், தோட்டங்காடு இருக்கிற எடம். உங்க ஊடு எதுன்னு தெரியாமப் போச்சு, இல்லீன்னா பத்திரிகை வெச்சிருப்பேன்."

மாமா டீயைக் குடித்தார். சூடாக இருந்திருக்க வேண்டும். ஒரே மூச்சில் குடித்தார்.

"ஆமா, அன்னைக்கு மழையில படம் போட்டாரே ஒரு பெரியவரு, அவரு என்ன ஆனாருங்க?" என்றார் கடைக்காரர். "புள்ள அடிக்கடி கேட்டுட்டே இருக்கும். அந்த லாரிக்காரரு வந்தா கேளுப்பா, படத்த எங்க வெச்சிருக்காங்கன்னு கேளுப்பான்னு."

எனக்கு இதுதான் வாய்ப்பு என்று தோன்றியது. "நாங்க பாத்துட்டோமே! அக்காவும் படத்துல இருக்காங்க. அக்கா மாமாவையே..." என்று ஆரம்பித்தேன்.

"அம்முணிக்கு ஒரு பன்னு குடுங்க" என்றார் மாமா, குரலை உயர்த்தி. பன் என் கைக்கு வந்தது. அவரே அதைப் பிட்டு என் வாயில் வைத்தார். பிறகு கடைக்காரரிடம், "படம் நல்லா வந்திருக்குதுங்க. உங்க கடை, மழை, எல்லாம் அப்படியே இருக்குது. புள்ள கேட்டாச் சொல்லுங்க, நல்லா வந்திருக்குதுன்னு" என்றார்.

"நீங்க வந்து சொன்னதாச் சொல்றனுங்க."

"சரிங்க" என்று எழுந்தார் மாமா.

லாரி கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகு நான் அவர் முகத்தைப் பார்த்தேன். நேற்று பாடிக்கொண்டு வந்தவர் இவர்தானா என்றிருந்தது. எவ்வளவு யோசித்தும் எனக்கு ஒரு காரணம்தான் கிடைத்தது.

"அந்தப் படத்த வேற ஆரோ வாங்கிட்டாங்கன்னு வருத்தமா மாமா?"

மாமா ரோட்டைப் பார்த்தபடியே, "ஆமா சாமி" என்றார்.

அதை அப்படியே நம்பினேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் அதையே சொன்னேன். மாமா ஒரு வாரம் வண்டி எடுக்கவில்லை. அம்மா ரசம் வைத்தாள், கஷாயம் வைத்தாள், கடைசியில் அவளும் ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டாள். மாமா கட்டிலில் படுத்து கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. படம் கைக்குக் கிடைக்காததுதானே குறை, நாமே ஒன்று வரைந்து கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

ஒரு பெரிய சார்ட் அட்டையில் பகல் முழுக்க உட்கார்ந்து வரைந்தேன். லாரியைப் பெரிதாக, நிஜமான லாரியில் இருக்கிற எல்லா வண்ணத்தோடும் போட்டேன். மழையைப் போட்டேன். பெஞ்சில் மாமாவை உட்காரவைத்து மீசையும் துண்டும் வைத்தேன். அதற்குள் அட்டை நிறைந்துவிட்டது. கட்டிலுக்கு எடுத்துப்போய் அவரிடம் நீட்டி, குறையை நானே முந்திக்கொண்டு சொன்னேன்.

"எல்லாம் வரைஞ்சுட்டேன் மாமா. டீக்கடை அக்காவுக்குத்தான் எடம் பத்தல."

மாமா எழுந்து உட்கார்ந்து அதை மடியில் வைத்துப் பார்த்தார். பெங்களூர் மாடியில் நின்று பார்த்த அளவுக்கு நேரம் பார்த்தார். பிறகு என் தலையில் கையை வைத்து, "சரியாத்தான் வரைஞ்சிருக்கற சாமி" என்றார்.

நான் நன்றாக வரைந்திருக்கிறேன் என்று மாமா சொல்லிவிட்டதாக அம்மாவிடம் சொல்ல, அந்த நிமிஷமே சமையலறைக்கு ஓடினேன்.