காஞ்சிபுரத்து மொட்டை மாடிக்கு எட்டு டி-ஷர்ட்

நானும் என் தோழி வசந்தாவும் வாரம் ஒரு நகைச்சுவை பாட்காஸ்ட் செய்கிறோம். கேஸ் சிலிண்டர்காரர், ஆட்டோக்காரர், பெற்ற பிள்ளைகள் என்று யாரிடமெல்லாம் தோற்றோம் என்பதுதான் பேச்சு. முடிக்கும்போது “இன்னைக்கும் தோல்விதான்” என்போம். அதையே டி-ஷர்ட்டில் அச்சடித்தோம். வாங்க ஆள் இல்லை. நிகழ்ச்சியையே நிறுத்திவிடலாம் என்றாள் வசந்தா. அப்போதுதான் காஞ்சிபுரத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது: நாங்கள் எம்.எம்.ஏ. ரசிகர்கள், எட்டு டி-ஷர்ட் வேண்டும். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டையைப் பார்ப்பவர்களுக்கு எங்கள் சமையலறைப் புலம்பல் எதற்கு? நேரில் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம் என்று 2009 ஆகஸ்டில் ஒரு ஞாயிறு கிளம்பினேன்.

தாம்பரத்தில் காலை ஆறேகாலுக்கு வாலாஜாபாத் வழிப் பேருந்து. இருபத்திரண்டு ரூபாய். எட்டு மணிக்குக் காஞ்சிபுரம். அங்கிருந்து சின்ன காஞ்சிபுரத்துக்கு ஷேர் ஆட்டோ, ஐந்து ரூபாய்.

“புடவை எடுக்கவாம்மா?” என்றார் ஓட்டுநர்.

“துணி விக்க வந்திருக்கேன்.”

“காஞ்சிபுரத்துலயா? நல்லா பார்த்தம்மா ஊரு.”

மின்னஞ்சல் அனுப்பிய தினேஷ் பட்டுக்கடையில் விற்பனையாளர். அவர் வீட்டு மொட்டை மாடியில் மெத்தை விரித்து, அவரோடு சேர்த்து ஏழு பேர் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள்.

“மண்டை ஓடு போட்ட சட்டையெல்லாம் வெச்சிருக்கோம்க்கா. அதைப் போட்டுக்கினு தோத்தா தெருவே சிரிக்கும். இதுன்னா நாமளே முதல்ல சிரிச்சிட்டோம்” என்றார் தினேஷ்.

எட்டாவது டி-ஷர்ட், நண்பர் பாபுவுக்காம். சென்னையில் ஒரு போட்டியில் ஒரு நிமிடத்துக்குள் தோற்றவர், அதன்பின் மாடி ஏறவே இல்லை. அன்று எப்படியோ பேசி வரச் சொல்லியிருந்தார்கள்.

பாபு வந்தார். கடைசிப் படியில் நின்றுவிட்டார். எதிரே, நான் கொண்டுபோன டி-ஷர்ட்டை மாட்டியிருந்த ஏழு மார்பிலும் ஒரே வாசகம். திரும்பிப் போய்விடுவாரோ என்று நினைத்தேன்.

“தோத்தது நானு. நீங்க ஏன்டா போட்டுக்கினு நிக்கிறீங்க?”

“உனக்குக் கத்துக் குடுத்தது யாரு? நாங்கதானே. எங்களுக்கும் பங்கு இருக்குதுடா” என்றார் தினேஷ்.

பாபு சிரித்துவிட்டார். டி-ஷர்ட்டைத் தலை வழியாக இழுத்தார், தொப்பையில் சிக்கியது.

“எக்ஸ்எல் இல்லையாக்கா?”

“அடுத்த தடவை அடிச்சுக் கொண்டு வரேன்” என்றேன். இறுக்கிய டி-ஷர்ட்டோடே அவர் மெத்தையில் இறங்கினார்.

பெருமாள் கோயிலைப் பார்க்க நினைப்பவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். பகலில் நடை சாத்திவிடுகிறார்கள். நான் மாடியிலேயே உட்கார்ந்திருந்ததால் தரிசனம் கிடைக்கவில்லை. வருத்தமில்லை. அந்த எட்டுப் பேருக்கும் நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் வசந்தா போன் செய்து, “நிகழ்ச்சியை நிறுத்துறதா வேணாமா, என்ன முடிவு பண்ணினே?” என்றாள். அடுத்த தடவை என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.