பேரிக்காய்ப் பெட்டியில் வைத்த கால்

பொன்னுத்தாய் டீச்சர் இறந்த செய்தியை வத்தலக்குண்டு பஸ் கண்டக்டர்தான் பள்ளி வாசலில் இறங்கிச் சொன்னார். ஆசிரியர் அறையில் முதலில் எழுந்த பேச்சு, "கால் நரம்புச் சுருட்டு முத்திப்போச்சாக்கும்" என்பது. இல்லை, அம்மணிகளே. மாரடைப்பு. அந்தக் கால் அவரைக் கடைசிவரை கைவிடவில்லை. 'நொண்டி டீச்சர்' என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்களும் இதைப் படிப்பீர்கள். நன்றாகப் படியுங்கள்.

நான் கொடைக்கானலில் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் வகுப்புகளில் ஆசிரியருக்கு நாற்காலியே கிடையாது. உட்கார்ந்தால் சோம்பேறி என்று பெயர். காலையிலிருந்து மாலைவரை நிற்போம். குளிருக்குக் கம்பளிக் காலுறை போட்டு, நழுவாமலிருக்க முழங்காலுக்குக் கீழே நாடாவால் இறுக்கிக் கட்டுவோம். கால் கடுத்தால் கணப்புச் சட்டியருகே நீட்டிச் சூடு காட்டுவோம். பொன்னுத்தாய் அக்காவும் அப்படித்தான் செய்தார். கெண்டைக்காலில் நரம்புகள் புடைத்து முறுக்கிக்கொண்டன. ஒரு மழைக்காலத்தில் கணுக்காலில் புண் வந்து, ஆறாமலே நின்றது.

மதுரை டாக்டர் கேட்டதும் திட்டினாராம். "நாடாவும் நெருப்புமா வச்சுக் காலைக் கெடுத்திருக்கீங்க" என்றாராம். அன்றே அக்கா நாடாவை அடுப்பில் போட்டார். டாக்டர் சொன்னபடி வெள்ளனே, படுக்கையைவிட்டு இறங்குமுன்பே, விரலடியிலிருந்து முழங்கால்வரை துணிப்பட்டை சுற்றுவார். கரும்பலகையில் எழுதும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவார். இடைவேளையில் கணப்பை விட்டு மைதானத்தைச் சுற்றி நடப்பார். "நடந்தா ரத்தம் மேல ஏறும்டி. நின்னா அங்கேயே கெடக்கும்" என்பார். வீட்டிலிருந்து ஒரு நாற்காலியும், சந்தையிலிருந்து ஒரு பேரிக்காய்ப் பெட்டியும் கொண்டுவந்தார். உட்கார்ந்து, அந்தப் பெட்டியில் காலைத் தூக்கி வைத்துப் பாடம் நடத்தினார்.

நின்று நடத்த முடியாதவருக்கு இங்கே வேலையில்லை என்று தலைமையாசிரியை முன்பே சொல்லியிருந்தார். வேலை போனால் அக்காவுக்கு வத்தலக்குண்டில் தம்பி வீட்டுத் தயவில்தான் சோறு. அந்த நிலையில்தான் தாளாளர் வகுப்புக்குள் நுழைந்தார். பிள்ளைகள் எழுந்தார்கள். பக்கத்து வகுப்பிலிருந்து நான் எட்டிப் பார்த்தேன். அக்கா எழவில்லை.

"என்ன டீச்சர், எந்திரிக்க முடியலையா?"

"முடியும் சார். புண்ணு ஆறுற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

"அப்போ மலையிறங்கிப் போயிருங்க."

"பிள்ளைங்க கணக்கைத் தப்பாப் போட்டா சொல்லுங்க. இன்னைக்கே எறங்கிடுறேன்."

அவர் பலகையில் ஒரு பின்னக் கணக்கை எழுதி, கிளாவரை கிராமத்திலிருந்து வந்து படித்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். அவள் சரியாகப் போட்டாள். இன்னொருத்தியும் போட்டாள். தாளாளர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "புண்ணு ஆறுற வரைக்கும்தான்" என்றார். அக்கா விடவில்லை. "ஆறினாலும் பெட்டி இங்கதான் கெடக்கும் சார்" என்றார்.

புண் ஆறியது. பெட்டி கிடந்தது. பணி ஓய்வு பெறும்வரை, சற்று நின்று சற்று அமர்ந்து பாடம் நடத்தினார். அதன்பின் வத்தலக்குண்டில் தனிக் குடித்தனம். தம்பியின் சோற்றை அவர் தின்னவே இல்லை.

கண்டக்டர் செய்தி சொன்னதும் அடுத்த பஸ்ஸில் நான் மலையிறங்கினேன். அங்கே அக்காவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். "இறுக்காதீங்க" என்றேன்.

கட்டியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இனிமே என்னம்மா வலிக்கப்போகுது?"

"வலிக்காதுங்க. ஆனா அக்கா சம்மதிக்க மாட்டாங்க."

அவர் முடிச்சைத் தளர்த்தினார்.

அந்தப் பேரிக்காய்ப் பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. என் கெண்டைக்காலிலும் நரம்பு பச்சைகட்டத் தொடங்கிவிட்டது. புதிய தாளாளர் நாளை வகுப்புகளைப் பார்வையிட வருகிறாராம். வரட்டும். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்வார்கள். நான் உட்கார்ந்தபடியே சொல்வேன்.